முட்டைப் பந்து

ஜப்பானின் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர் சகுமா, காரின் கதவை இடது கையால் தள்ளிக்கொண்டு இறங்கினார். சங்கிலிமுத்து அதைக் கவனித்துவிட்டான். மட்டை பிடிக்கிற வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. உலகப் போட்டிகளில் இரண்டு தடவை அரையிறுதி வரை போன கை. பதினோரு வருஷமாகப் பத்திரிகைப் படங்களில் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே சங்கிலிமுத்து ஆடப் பழகினான். பலகையில் குளியல் ஸ்பாஞ்சை ஒட்டி முதல் மட்டையைச் செய்ததும் அப்படித்தான்.

அவன் பட்டாசுக் கம்பெனியின் அச்சாபீசில் லேபிள் அடிக்கிற மெஷின்மேன். டேபிள் டென்னிஸ் மேசை கிடந்ததும் அங்கேதான். நாளை அந்த இடத்துக்குக் கட்டிங் மெஷின் வருகிறது. முப்பத்திரண்டு வயதில் இனி வேறு மேசையைத் தேடி எங்கே போவது? இன்றைக்கு ஒரு ஆட்டம், நிஜமான ஆட்டம், அது போதும் என்றிருந்தான்.

மதுரைக்குக் காட்சி ஆட்டம் ஆட வந்த சகுமாவை அரைநாள் வரவழைத்தது முதலாளி. ஆட்கள் பார்க்கட்டும் என்று மேசையை விஸ்வநத்தம் பட்டாசு ஆலைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பியதும் அவர்தான். வாசல் காவலர் இருளாண்டியை மட்டும் மறந்துபோனார்.

இருளாண்டி பந்துப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"சூடம் வாடை அடிக்கு."

ஒரு பந்தை ரோட்டோரம் தள்ளி வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். பொசுக்கென்று ஒரே சுடர். அப்புறம் பந்து இருந்த அடையாளமே இல்லை.

"ஏலே, இது பந்தா மருந்தா? இம்புட்டும் உள்ள போனா மருந்து ஷெட்டு தாங்குமாலே?"

யாரையும் கேட்கவில்லை. மிச்ச வெடிமருந்தைக் கொட்டிக் கரைக்கிற தண்ணீர்க் குழியில் நாலு டஜனையும் கவிழ்த்தார். மிதந்ததையெல்லாம் கம்பால் குத்தி அமுக்கினார்.

முதலாளி ஓடி வந்து கத்தினார்.

"நீங்க போட்ட சட்டந்தான முதலாளி," என்றார் இருளாண்டி. "தீப்பிடிக்கிற சாமான் எதுவும் வாசலைத் தாண்டப்பிடாதுன்னு எழுதி ஒட்டிருக்கீகள்ல?"

வேறு பந்து யாரிடமாவது உண்டா என்று கேட்டார் முதலாளி.

வெளியே நின்ற சைக்கிள் பையில் சங்கிலிமுத்துவின் பழைய பந்து ஒன்று இருந்தது. நசுங்கி, குழி எழும்ப வெந்நீரில் போட்டு எடுத்து, முட்டை மாதிரி ஆகிப்போன பந்து. அதுவும் உள்ளே போகக் கூடாதே, மேசை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தது.

"ஒரே பந்து, ஒரே ஆட்டம்," என்றார் முதலாளி, சகுமாவோடு வந்த மொழிபெயர்ப்பாளர் லட்சுமிகாந்தத்திடம். "நம்ம பய ஜெயிக்கட்டும்னு சொல்லிருங்க."

முதலாளி நகர்ந்ததும் சங்கிலிமுத்து பதறினான். "வேணாம் சார். விட்டுக்குடுக்காம ஆடச் சொல்லுங்க."

லட்சுமிகாந்தம் சொன்னதைக் கேட்டுவிட்டு, சகுமா கண்ணை மூடிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"நாப்பத்தி மூணு ஊர்ல தோத்துக் குடுத்துட்டு வர்றாராம்," என்றார் லட்சுமிகாந்தம். "ஜெயிக்கிறதைவிட அதுதான் அலுப்பா இருக்குங்கறார்."

ஆட்டம் தொடங்கியது. முட்டைப் பந்து எங்கே கோணும் என்று சங்கிலிமுத்துவுக்குத் தெரியும், சகுமாவுக்குத் தெரியாது. சங்கிலிமுத்து ஒன்பது, சகுமா இரண்டு.

"பாவம், உசுரே இல்லாம நிக்காரு," என்றாள் திரி வெட்டுகிற பாலம்மாள். "யாராச்சும் ஒரு வாய் கஞ்சி குடுங்களேன்!"

விட்டுக்கொடுக்கிறாரோ? சங்கிலிமுத்து அவர் மட்டையையே பார்த்தான். அப்போது சகுமா பந்தை மேசையில் உருட்டினார். அது வளைந்து போவதைக் குனிந்து பார்த்தார். மறுபடி உருட்டினார். அதன் பிறகு பந்து அவர் சொல்படி கேட்டது. பத்துக்கு எட்டு, பதினாலுக்குப் பதினாலு.

"ஏய் சங்கிலி, பந்தை அடிக்கியா, ஈ ஓட்டுதியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

அதுவரை உடம்போடு ஒடுக்கி ஆடிய வலது கையை சகுமா தோளுக்கு மேலே தூக்கினார். அடித்தார். சத்தந்தான் கேட்டது. அடுத்த பந்துக்கு சங்கிலிமுத்து பாய்ந்தான், மட்டையின் ஓரத்தில் பட்டுப் புழுதியில் விழுந்தது. சகுமாவுக்கு இருபத்தொன்று.

முதலாளி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

கோட்டைப் போட சகுமாவால் முடியவில்லை. வலது கை எழும்பவே இல்லை. சங்கிலிமுத்து போய்க் கோட்டை விரித்து, பிள்ளைக்குச் சட்டை போடுவதுபோல அந்தக் கையை மெல்ல உள்ளே நுழைத்தான்.

"தோளுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்," என்றார் லட்சுமிகாந்தம். "நாளைக்குத் திருநெல்வேலி ஆட்டத்தைத் தந்தி அடிச்சு நிறுத்தணும். ஊருக்குப் போனா இவர், மட்டைக்கு ரப்பர் விக்கிற கடையில உக்கார வேண்டியதுதான்."

சகுமா தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுக் காரில் ஏறினார். கதவைச் சங்கிலிமுத்துதான் சாத்தினான்.

மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாலம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடைசியில தோத்துட்டியேலே."

"ஆமாக்கா," என்றான் அவன், பந்தைப் பைக்குள் போட்டபடி. "அடிச்சுத்தான் தோக்கடிச்சாரு."