மஞ்சள் கோடு

அன்று காலை விமானக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். கம்பெனியை நடத்தும் மெர்வி, விமானி ஒஸ்மோ, இருபத்தாறு வருடமாக அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக் கலெவி, ஆகஸ்டில் எஸ்டோனியாவிலிருந்து வந்து சேர்ந்த மெக்கானிக் உர்மாஸ். ஐந்தாவதாகச் சொல்வதென்றால் அந்தச் சின்ன விமானம். அது இரண்டாவது நாளாகக் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது. ஒரு வாரமாக விழுந்த பனி மரங்களின் மேல் கல்லாக இறுகி, பிர்ச் மரங்களை வில்லாக வளைத்து மின்கம்பிகளின் மேல் சாய்த்திருந்தது. எந்தக் கம்பியில் எந்த மரம் கிடக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதுதான் கம்பெனியின் குளிர்கால வேலை. காட்டுக்குள் நாற்பது வீடுகளில் கரண்ட் இல்லை. மின்வாரியத்திலிருந்து மெர்விக்கு நேற்று மூன்று தடவை போன் வந்தது. இன்று ஒரு தடவைகூட வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கொட்டகை வாசலில் தள்ளி நிறுத்தியிருந்த விமானத்தில் உட்கார்ந்து ஒஸ்மோ சாவியைத் திருகினான். விசிறி நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மறுபடி திருகினான். ஒரு தும்மல்கூட வரவில்லை.

"போதும், நிறுத்துங்க. பேட்டரி செத்துடும்," என்றான் உர்மாஸ்.

"என் பேட்டரி எப்பவோ செத்துடுச்சுப்பா. ஆறு மணிலேருந்து இதுக்குள்ள உக்காந்திருக்கேன். கீழ உணர்ச்சியே இல்ல."

"அது நேத்தும் இல்லன்னுதானே உங்க வீட்டுல சொன்னாங்க."

ஒஸ்மோ சிரித்தான். மெர்வி சிரிக்கவில்லை. அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உர்மாஸ் எஞ்சினிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூக்குக்கு நேரே பிடித்தான். காய்ந்திருந்தது. பெட்ரோல் வாசனையே இல்லை. கலெவியிடம் நீட்டினான்.

"சொட்டுக்கூட வரல அண்ணே. அதிகமா குடிச்சு மூச்சு முட்டியிருந்தா ஈரமா இருக்கணும். இது பட்டினி."

"ஹீட்டர் வச்சியா?"

"ரெண்டு மணி நேரம் வச்சேன். ஆயில் சூடாயிடுச்சு. ஆனா வெளியில தள்ளினதும் அது இழுக்கற காத்து ஐஸ்தானே."

குளிரில் பெட்ரோல் ஆவியாகாது. அதற்காகத்தான் கிளம்பும்போது கூடுதல் பெட்ரோல் தரும் சோக். இந்த எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. உர்மாஸ் முறையாகப் போனான். இரண்டு பக்கத்துக் கிண்ணங்களையும் கழற்றினான். பெட்ரோல் நிறைந்து சுத்தமாக இருந்தது. சோக் கேபிளை ஒஸ்மோவை இழுக்கச் சொல்லி, இரண்டு பக்கத்து நெம்புகோலும் கடைசி வரை போகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தான். போயின. கையுறை இல்லாத விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அக்குளில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"சோக் முழுசா திறக்குது. பெட்ரோல் இருக்கு. ஆனா எஞ்சின் அத உறிஞ்சல. ஏன் உறிஞ்சல?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். "அப்படின்னா காத்து வேற வழியா..."

அலுவலகக் கதவு திறந்தது. "உர்மாஸ், கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள் மெர்வி.

டார்ச்சை எஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

கலெவி அந்த டார்ச்சை எடுத்தார். உர்மாஸ் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி அவருக்குத் தெரிந்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடினால்தான் உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும். அப்போதுதான் சோக் பெட்ரோலை இழுக்கும். காற்றுவழியில் உள்ள அதன் மூடி ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் காற்று அந்த வழியாகப் போய்விடும். சோக் இருந்தும் இல்லாததுதான். அந்த மூடி எவ்வளவு தூரம் மூடலாம் என்று தடுத்து நிறுத்துவது ஸ்டாப் ஸ்க்ரூ என்ற ஒரு சின்னத் திருகாணி.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. திருகாணியை முடுக்கியவர் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட வேண்டும். யாராவது திருகினால் கோடு உடையும். கலெவியுடையது சிவப்பு. உர்மாஸுடையது மஞ்சள். செப்டம்பரில் இரண்டு கார்புரேட்டர்களையும் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியவன் உர்மாஸ்.

வெளிச்சத்தில் மஞ்சள் கோடு தெரிந்தது. உலோகத்தில் ஒரு பாதி, திருகாணித் தலையில் ஒரு பாதி. இரண்டும் வேறு வேறு திசையைப் பார்த்தன. அடுத்த பக்கமும் அப்படியே.

கலெவிக்கு அக்டோபர் மழை ஞாபகம் வந்தது. இறங்கித் தரையில் ஊர்ந்து வரும்போது எஞ்சின் ஆடி ஆடி அணைந்துபோகிறது என்று ஒஸ்மோ மூக்கால் அழுதான். அவன் இருக்கையை விட்டு இறங்கக்கூட இல்லை. கலெவி மழையில் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்று ஏற்றிவிட்டார். ஆட்டம் நின்றது. இவ்வளவு குளிர் வராதவரை எஞ்சின் கிளம்பிக்கொண்டும் இருந்தது. மதிய உணவுக்கு நேரமாகியிருந்தது. சிவப்புக் கோடு போடவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை. சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

எழுதாமல் வேலை செய்ததற்கு இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொன்று வந்தால் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும். ஐம்பத்தொன்பது வயதில் அது போனால் பனி தள்ளும் வண்டிதான் ஓட்ட வேண்டும்.

அலுவலகக் கண்ணாடி வழியே மெர்வியின் முதுகு தெரிந்தது. உர்மாஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலை நிரந்தரமானதும் மனைவி கத்ரியும் மகளும் வந்துவிடுவார்கள் என்று இந்த ஊரில் வீடு பேசி வைத்திருந்தான். "நான் மெர்விகிட்ட உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்," என்று போன வாரம் கலெவிதான் காபி குடிக்கும்போது சொன்னார். அவன் கேட்காமலேயே அவர் சொன்ன வார்த்தை அது. அன்றே உர்மாஸ் பழைய சாமான் கடையில் மகளுக்கு ஒரு ஜோடி சின்னப் பனிச்சறுக்குக் கட்டைகள் வாங்கி வந்து சுவரில் சாத்தி வைத்தான்.

கலெவி இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்று இறக்கினார். கோடுகள் மறுபடி நேராகச் சேர்ந்தன. ஆனால் நடுவில் விரிசல் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் செதில் செதிலாக வந்தது. துணியில் பெட்ரோலை நனைத்து மிச்சத்தையும் துடைத்தார்.

"இப்ப திருகு," என்றார் ஒஸ்மோவிடம். "ஆக்சிலேட்டர முழுசா மூடிட்டு, சோக்க இழுத்துட்டு."

மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. பனித்தூள் பின்னால் பறந்தது. மெர்வி குளிருக்கு மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் உர்மாஸ். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சின் சத்தம் கேட்டால் மெக்கானிக்குக்கு முகம் அப்படித்தான் ஆகும், எது நடந்திருந்தாலும்.

"என்ன பண்ணீங்க?" என்று கத்தினாள் மெர்வி.

கலெவி துணியில் கையைத் துடைத்தார். "சோக் கேபிள் லூஸா இருந்துச்சு. இழுத்துக் கட்டினேன்."

கேபிள் கட்டியது யார் என்று மெர்வி கேட்கவில்லை. பதிவேட்டில் உர்மாஸின் பெயர் இருந்தது.

ஒஸ்மோ ஜன்னலைத் திறந்தான். "ஏன் கலெவி, அப்ப எறங்கும்போது பழையபடி ஆடுமா?"

கலெவி அவனைப் பார்த்தார். ஒஸ்மோ ஜன்னலை மூடிக்கொண்டான்.

பத்தரைக்கு விமானம் ஏரியைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மணிக்குத் திரும்பி வந்தது. கலெவி எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடியைப் பூட்டி, பன்னிரண்டு திருகுகளையும் முடுக்கினார். மின்வாரியத்துக்கு மெர்வி எழுதிய கடிதம் மேசையில் கிடந்தது. தவறுக்குக் காரணமானவர் இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று ஒரு வரி. சோதனைக் காலத்தில் காரணம் காட்டத் தேவையில்லை. மெர்வி காட்டியிருந்தாள். கேபிள் சரிசெய்யப்பட்டது என்று பதிவேட்டில் கலெவி கையெழுத்துப் போட்டார். இந்த முறை உடனே எழுதினார்.

மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. உர்மாஸ் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். கொட்டகைச் சாவியை மேசையில் வைத்தான். சறுக்குக் கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விமானத்தின் பக்கம் வந்தான்.

"மூடிட்டீங்களா அண்ணே?"

"ம்."

"ஒரு தடவ பாத்துக்கட்டுமா? கேபிள நான் ரெண்டு பக்கமும் அளந்துதான் கட்டினேன். இன்னிக்குக் காலையிலகூட கடைசி வரைக்கும் போச்சு. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க."

"குளிர்ல சுருங்கும்."

"சுருங்கினா இறுகும். லூஸாகாதே."

கலெவி ஏற்கெனவே முடுக்கிய மூடித் திருகு ஒன்றைத் துணியால் துடைத்தார்.

"ஸ்டாப் ஸ்க்ரூவுல என் கோடு இருந்துச்சா?"

"எந்தக் கோடு?"

"மஞ்சக் கோடு."

கலெவி வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "நான் பாக்கல."

உர்மாஸ் தலையாட்டினான். விமானத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பாக்கெட்டைப் பார்த்து. சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்து வேலை மேசையின் ஓரத்தில் வைத்தான்.

"மெர்விகிட்ட எனக்காகப் பேசினதா கத்ரிகிட்ட சொல்லிட்டேன். போன வாரமே. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."

"உர்மாஸ்..."

"ஊருக்குக் கப்பல் நாளைக்குக் காலையிலதான். ராத்திரி முழுக்க ஓட்டினா ஹெல்சிங்கி போய்ச் சேந்துடலாம்." பக்கவாட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். குளிர் புகையாக உள்ளே வந்தது. வாசலில் திரும்பினான். "இந்தக் கதவோட மேல் கீலு உறைஞ்சு கெடக்கு அண்ணே. நான் தெனமும் கிரீஸ் போட்டுட்டிருந்தேன். சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க, இல்லன்னா பூட்டு விழாது."

வெளியே அவன் காரின் கதவு திறந்தது. சறுக்குக் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. பழைய வண்டிதான்.

கலெவி கதவைத் தூக்கிச் சாத்தினார். அவன் சொன்னபடியே சரியாகப் பொருந்தியது. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துச் சாவியைத் திருகினார். இரும்பு விரலில் ஒட்டியது. கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மஞ்சள் இருந்தது. இன்னொரு சுற்று திருகிப் பூட்டினார்.