எழுபதாம் பக்கத்துச் சிவப்பு நூல்

உயிரியல் புத்தகத்தின் எழுபதாம் பக்கத்தில் மகளுக்குத் தெரியாமல் அவள் வைத்திருந்த சிவப்பு நூல், நான்காவது நாளாக அப்படியே இருந்தது.

மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாகப் போலிச் சீட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிப்பவள் அவள். சொந்த வீட்டில் ஏமாறுவாளா? மேசையில் கிடந்த தாளில், எழுபது முதல் எழுபத்தாறாம் பக்கம் வரை படித்தாயிற்று என்று மகள் டிக் அடித்திருந்தாள். புத்தகத்தைத் திறக்காமலேயா?

மகளுக்குப் பதினாறு வயது. பம்பரம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். கவனம் ஓரிடத்தில் நிற்காத இதற்கு ஏடிஎச்டி என்று டாக்டர் பெயர் சொல்வதற்கு முன்பே, திமிர், சோம்பேறித்தனம் என்று பள்ளிக்கூடம் வேறு பெயர்களை வைத்துவிட்டது. கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அவள் வீட்டிலிருந்தே படிக்க ஒரு பருவத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். பிள்ளை எங்கே, எவ்வளவு நேரம் படித்தாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் திங்கட்கிழமையே பழைய வகுப்பு, பழைய பெஞ்சு.

நாளை வெள்ளிக்கிழமை.

"எழுபத்தி நாலாம் பக்கத்துல என்னடி படம்?"

"இதயம். நாலு அறை. இடதை வலதுல போட்டு வச்சிருப்பாங்க, வயித்தெரிச்சல்" என்றாள் பம்பரம், ஒற்றைக் காலில் ஆடியபடி.

பதில் சரி. அதனாலேயே சந்தேகம் இன்னும் கிளறியது. போதாக்குறைக்கு, கணவரின் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஸ்டேப்ளர் பின்கள் உதிர்ந்தன. பஸ் ஓட்டுகிறவருக்கு ஸ்டேப்ளர் எதற்கு?

"டிப்போல ஏதோ பேப்பர் கட்டினேன்" என்றார் அவர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே.

ஒரு காகிதத்தை நேராக மடிக்கத் தெரியாத மனிதர். அவள் உள்ளே நுழைந்தால் அப்பாவும் மகளும் சட்டென்று பேச்சை மாற்றினார்கள். கூட்டுக் களவாணிகள். இந்தப் படிப்புக்காகத் தன் தையல் மெஷினையே வெளியே தள்ளி, கனத்த திரை போட்டு, கடிகாரத்தைக் கழற்றி, தனி அறை அமைத்துக் கொடுத்தவள் அவள்.

மறுநாள் காலை வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, எதிரே சலவைக் கடையின் ஓரத்தில் நின்றாள். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பம்பரம் பையோடு வெளியே வந்தாள். ஒன்பதாம் எண் பஸ் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் கணவர். அவள் சாலையைக் கடப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அது வட்டப் பாதை. முப்பத்தைந்து நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எங்கே இறங்குவாள்? யாரைப் பார்க்க? அப்பனே கொண்டுபோய் விடுகிறாரா? சாலையைக் கடந்து, நிறுத்தத்திலேயே காத்து நின்றாள்.

பஸ் திரும்பி வந்தது. மகள் எங்கும் இறங்காமல் கடைசி சீட்டில் இருந்தாள்.

படியருகே அவளைக் கண்டதும் கணவரின் முகம் வெளிறிப் போயிற்று. "ஏறு. இறங்கி வந்து திட்டு வாங்கினா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான்."

அவள் மகளுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். மகள் நிமிரவில்லை. ஒரு குழந்தை அழுதது, எஞ்சின் அதிர்ந்தது, யாரோ போனில் கத்தினார்கள். பம்பரம் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்தக் கழுத்து இவ்வளவு நேரம் அசையாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. மடியில் ஏழெட்டுத் தாள்கள், ஸ்டேப்ளர் அடித்து. மேலே கணவரின் கோணல் எழுத்து: இரண்டாம் சுற்று.

பஸ் நிலையத்தில் ஐந்து நிமிட ஓய்வு. அவர் பின்னால் வந்தார். "அதே பாடப் புத்தகம் பழசு ஒண்ணு வாங்கி, சுத்துக்கு ஒரு துண்டா பிச்சுக் கொடுத்தேன்."

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"அந்த ரூமுக்கு நீ பட்ட பாட்டைப் பாத்தேன். அது இவளுக்கு ஒத்து வரலேன்னு எந்த வாயால சொல்றது?"

"அங்க ரொம்ப அமைதியா இருக்கும்மா" என்றாள் மகள். "அப்ப என் தலைக்குள்ள இருக்கறது எல்லாம் பேச ஆரம்பிச்சிடும்."

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். 'படிக்கும் இடம்: வீடு, தனி அறை' என்று தானே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒன்பதாம் எண் பஸ், கடைசி சீட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அனுமதியை ரத்து பண்ணிட்டா?" என்றார் கணவர்.

"பொய் சொல்லி மாட்டினா கண்டிப்பா பண்ணுவாங்க."

மதியம் மகளையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் அலுவலர் படிவத்தைப் பார்த்த விதம், அவள் மருந்துச் சீட்டைப் பார்க்கும் விதமாகவே இருந்தது.

"பஸ்லயா? யார் சாட்சி?"

"டிரைவர்."

"டிரைவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அலுவலர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மகளிடம் நகர்த்தி, "இதயம் வரை" என்றார். பம்பரம் காலாட்டிக்கொண்டே நான்கு அறைகளையும் வரைந்து பெயர் எழுதினாள். அவர் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

"ஒரு வாரத்துக்கு மட்டும். அடுத்த வெள்ளி நானே ஏறிப் பார்ப்பேன்."

"தாராளமா ஏறுங்க மேடம்" என்றாள் பம்பரம். "ஆனா பேச்சுக் கொடுக்கக் கூடாது."