எட்டுப் பேர் கனம்

செல்லியம்மாளுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. சாமைக் கொல்லையில் களை பிடுங்கும்போது நல்லபாம்பு தீண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "தூக்கம் தூக்கமா வருது" என்று குழறுகிறாள். புருஷன் மாதன் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "தூங்காத புள்ள, என்ன பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஓடைக்கு அக்கரையில் நூற்றியெட்டு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. அதில் ஏறினால் அரை மணியில் ஆஸ்பத்திரி, ஊசி, உயிர். நடுவில் இருந்தது ஒரு தரைப்பாலம். ஆனால் அதன்மேல் தொடை உயரத்துக்கு ஐப்பசி வெள்ளம் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினால் தூக்குகிற நாலு பேரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். மேட்டுக்கொட்டாய் ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் இதே ஐப்பசியில், இதே கரையில் நின்றுதான் கந்தசாமி சாவதைப் பார்த்தார்கள்.

மிச்சம் இருந்தது ஜெரினின் ஜீப் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறவன். ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டுகிற வாய், இன்றைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக் கிடந்தது. பானெட்டைத் திறந்து, முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி எறிந்தான். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இன்ஜின் முழுக்க அடிக்கும். காற்று இழுக்கிற குழாயை ஏற்கெனவே முன்கண்ணாடி உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தான். அதன் மூட்டுகளில் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினான். அச்சுப் பெட்டிக்கு மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் தண்ணீர் புகாமல் இருக்கச் செருகியிருந்த குளுக்கோஸ் டியூப் மடங்கியிருக்கிறதா என்று சேற்றில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். ஆயில் மூடியைச் சுற்றி கிரீஸை அப்பினான். முன்பக்கம் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினான். தண்ணீர் வண்டியைத் தள்ளாமல் ஊடே போகட்டும் என்று பக்கத்துப் படுதாக்களை அவிழ்த்துப் போட்டான்.

"இன்னாடா சிங்காரிச்சிக்கினு கீற? எடுறா வண்டிய!" மாதனின் தம்பி முருகவேல் கத்தினான்.

"சூடு எறங்கட்டும். இப்படியே எறக்குனா அச்சுப் பெட்டி தண்ணிய உறிஞ்சிக்கும். அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசத்துல எங்க அண்ணி செத்துட்டா?"

ஜெரின் ஒரு கழியை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் இறங்கினான். பாதி தூரம் தட்டித் தட்டிப் பார்த்தான். நடுவில் சிமென்ட் பெயர்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தான்.

அவனுக்குப் பயம் தண்ணீரைப் பார்த்து இல்லை. அடுத்து வாயைத் திறந்து சொல்லவேண்டியதை நினைத்துத்தான்.

இந்த மலையில் ஒரு பழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறினால், யாரும் சொல்லாமலே எல்லோரும் குதித்து இறங்கிப் பின்னால் தள்ளுவார்கள். குண்டியை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறவனை அடுத்த பொங்கல்வரை வைத்துப் பேசுவார்கள். போன வருஷம் நெஞ்சுவலியில் துடித்த கந்தசாமியோடு இந்தக் கரைக்கு வந்தபோது வண்டியில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஜெரின் மலைப் பழக்கப்படியே, "பாரம் ஜாஸ்தி, எல்லாரும் எறங்குங்க" என்றான். இறங்கினார்கள். காலி வண்டி பாதிப் பாலத்தில் தக்கையாய் மிதந்து, பக்கவாட்டில் நழுவி, பாலத்து ஓரக் காவல் கல்லில் சாய்ந்து நின்றது. இன்ஜின் தண்ணீர் குடித்துச் செத்தது. கயிறு போட்டு இழுப்பதற்குள் பின் சீட்டில் கந்தசாமியும் போய்விட்டார்.

இன்ஜினைப் பிரித்த சின்னசேலத்து மெக்கானிக்தான் கேட்டான்: "காலி வண்டியையா வெள்ளத்துல உட்ட? கனம் இருந்தாத்தானய்யா டயரு தரைய புடிக்கும்!" அந்தக் கேள்வியை ஜெரின் ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்தான். கந்தசாமியின் பெண்சாதி அமிர்தம்தான் கருமாதி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுத் தேற்றினாள். "நீ இன்னா பண்ணுவ தம்பி, ஓடை கொண்டுக்கினு போச்சி" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஜீப்பில் ஏறும் நாளெல்லாம் அவன் பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டே ஓட்டினான்.

இப்போது அவளும் இங்கே கூட்டத்தில்தான் நின்றாள்.

மாதனும் முருகவேலும் செல்லியம்மாளைத் தூக்கி வண்டி சீட்டில் கிடத்தினார்கள். மற்றவர்கள் வழக்கப்படி பத்தடி பின்வாங்கி நின்றார்கள்.

"இன்னும் ஆறு பேரு ஏறுங்க" என்றான் ஜெரின்.

ஒருவரும் நகரவில்லை. முருகவேல் சிரித்தேவிட்டான். "பைத்தியமாடா உனக்கு? போன வருசம் எறங்க சொன்ன, இப்ப ஏற சொல்ற?"

"கனம் வோணும்."

"கல்ல ஏத்திக்க."

"கல்லு பொறுக்கி ஏத்த ஒரு மணி நேரம் ஆவும். ஒரே பக்கமா உருண்டு உங்க அண்ணி மேல உழும். ஆளுதான் வோணும்."

"எதுக்குன்னு சொல்லு. சும்மா தண்ணியில போய் சாவ முடியுமா?"

நியாயமான கேள்விதான். ஜெரின் ஒரு பொய்க்குத் தடவினான். அவசரத்துக்கு ஒரு பொய்கூட உதவவில்லை. மாதன், "சொல்லிடு ஜெரினு, என் பொண்டாட்டி வாயில நுரை தள்ளுது" என்று கும்பிட்டான்.

"போன வருசம் உங்கள எறக்கி உட்டேன்ல, அது தப்பு." குரல் அவனுக்கே கேட்காத அளவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினான். "எறக்குனதாலதான் வண்டி தூக்கிச்சி! எட்டு பேரும் உக்காந்துக்கினு போயிருந்தா கந்தசாமியண்ணன் அந்தாண்ட போயிருப்பாரு. எனக்கு அப்ப தெரியாது. அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. ஓடை கொண்டுக்கினு போவல. நான்தான்."

எல்லோரும் அமிர்தத்தைப் பார்த்தார்கள். ஜெரின் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இருந்திருந்தால் இதைச் சொல்ல ஒரு வருஷம் ஆகியிருக்குமா?

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அமிர்தம் நடந்து வந்தாள். கம்பியைப் பிடித்து ஏறி, அவன் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பிறகு வெளியே திரும்பினாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? அவளுக்குக் கண்ணு சொருவுது. ஏறுங்கடா!"

ஏறினார்கள். முருகவேலும் ஏறினான்.

ஜெரின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கியரைப் போட்டான். கிளட்சில் கால் வைக்கக் கூடாது, வேகம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தார்ப்பாய் தண்ணீரை முட்டிப் பிளந்தது. தரைப் பலகை வழியாகத் தண்ணீர் ஏறி முழங்காலைத் தொட்டது. "எது நடந்தாலும் எறங்காதீங்க" என்று அவன் சொல்லி முடிக்கும் முன் முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. இன்ஜின் இருமியது. வண்டி ஒரு சாண் பக்கவாட்டில் நழுவியது.

பிறந்ததிலிருந்து பழகிய கால்கள் யோசிக்குமா? நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முருகவேலின் ஒரு கால் வெளியே போய்விட்டது. அமிர்தம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. அவள் விடவில்லை. "குந்துடா! நீ எறங்குனா இவ செத்துடுவாடா! அன்னிக்கும் நீதானடா மொதல்ல எறங்குன!"

முருகவேல் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அந்தக் கனத்தில் வண்டி அழுந்தியது. டயர் சிமென்டைக் கவ்வியதை ஜெரின் ஸ்டியரிங்கில் உணர்ந்தான். ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தான். ஒரு குலுக்கு. பிறகு முன்பக்கம் மேடேறியது.

நூற்றியெட்டு ஆட்கள் ஓடிவந்து செல்லியம்மாளைத் தூக்கிக்கொண்டார்கள். மாதன் கூடவே ஏறினான். வண்டி அலறிக்கொண்டு போனது.

தண்ணீர் வடியட்டும் என்று எல்லோரும் அங்கேயே காத்திருந்தார்கள். மத்தியானம் தாண்டி முருகவேலின் போன் அடித்தது. "ஊசி போட்டாச்சாம்! கண்ண தொறந்து அண்ணன பேரு சொல்லி கூப்ட்டாளாம்!" என்று கத்தினான். ஆட்கள் ஜெரினின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். ஒருத்தன் அவனைத் தூக்கவே பார்த்தான்.

அமிர்தம் மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜெரின் கிட்டே போய் நின்றான்.

"இக்கரைக்கு வந்து சேர எவ்ளோ நேரம் ஆச்சி?" என்று கேட்டாள்.

"அக்கா..."

"சொல்லு. எவ்ளோ நேரம்?"

இனிமேல் இவளிடம் பொய் சொல்வதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். "ரெண்டு நிமிசம் இருக்கும்க்கா."

"ரெண்டு நிமிசந்தானா?" என்றாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சிலேயே குத்திக் குத்தி அழ ஆரம்பித்தாள். கருமாதியன்றுகூட அவள் அப்படி அழவில்லை. தடுக்க வந்த முருகவேலை ஜெரின் கையால் விலக்கிவிட்டு, அவள் ஓயும்வரை அப்படியே நின்றான்.