சொந்த நிலத்து மண்

இறந்துபோன தன் அம்மாவின் தோட்டத்திலிருந்து மருமகள் ஒரே ஒரு ரோஜாப் பதியனைக் கொண்டுவந்திருந்தாள். "தொட்டிக்குத் தேங்காய்நார்த் தூளும் மட்கின உரமும் கலந்து போடணும் மாமா," என்றாள்.

"நம்ம நிலத்து மண்ணு இருக்கும்போது நாரும் குப்பையுமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்று மாமனார் பரம்பரை நிலத்துக் களிமண்ணையே அழுத்தி நிரப்பினார்.

வயலில் பொன்னாய் விளையும் மண், தொட்டிக்குள் செங்கல்லாய் இறுகியது. தண்ணீர் வடியாமல் வேர் அழுகிவிட்டது.

பட்ட செடியோடு தொட்டியைக் கவிழ்த்தார். மண் உடையாமல் மொத்தையாக விழுந்தது.

"இன்னொரு பதியன் எடுத்துட்டு வாம்மா. நீ சொன்னபடியே வைக்கலாம்."

"அம்மா வீட்டத்தான் வித்தாச்சே மாமா."

அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அவர் நிமிர்ந்து நின்றிருப்பார். இப்போது குனிந்து, அந்தக் கட்டியை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தார்.