நூற்றுக்கு முப்பத்தெட்டு

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் தொழில். லிஃப்டின் அடித்தட்டும் மாடித் தரையும் ஒரு விரல்கடை ஏறி இறங்கி நின்றாலும் யாராவது கால் இடறி விழுவார்கள். அதனால் மில்லிமீட்டரின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுப் பெண்கள் இருவர் முன்னால் மில்லிமீட்டர் என்று வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருத்தி என் மனைவி, இன்னொருத்தி என் தங்கை. தங்கையை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போகும்படி அவள் நடந்துகொள்ளவும் இல்லை.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மூன்றாம் மாடியில் என் மனைவி டிஎன்ஏ இழையை மடிக்கிறாள். கையால் இல்லை. ஒரு நீள இழையையும் அதைப் பிடித்துக் கட்டும் இருநூறு குட்டி இழைகளையும் உப்புத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டால், நீள இழை தானே மடிந்து ஒரு தட்டாகிவிடும். அந்தத் தட்டில் எந்த இடத்தில் தங்கத் துகள் ஒட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். ஒரு தட்டில் மூன்று துகள், சம இடைவெளியில். அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தத் தட்டுகளைச் சிலிக்கான் சில்லின் மேல் ஊற்றினால் கல்யாண வாசலில் செருப்பு கிடப்பதுபோல் கண்டபடி கிடக்கும்.

நான்காம் மாடியில் வாலுவுக்கு வேறு வேலை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பாலிமர்களை நுனியோடு நுனி கட்டிப் படலமாகப் பூசி அடுப்பில் வைப்பாள். விலகியும் ஓட முடியாமல், சேர்ந்தும் இருக்க முடியாமல், இரண்டும் தாமே வரிவரியாகப் பிரிந்து நிற்கும். ஒன்றைக் கழுவி எடுத்துவிட்டால் சில்லு முழுக்க உழுத வயல்போல் பள்ளமும் மேடும். தலைமுடியின் குறுக்களவை இரண்டாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பள்ளத்தின் அகலம். வரிசை என்றால் அப்படியொரு வரிசை. ஆனால் வெறும் வரிசைதான். அதில் இன்னது இன்ன இடத்தில் என்று எதையும் வைக்க முடியாது.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்டவர் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் அம்மா. தட்டுகள் பள்ளத்துக்குள் நேராகப் போய் உட்கார்ந்தால், தங்கத் துகள்கள் சில்லு முழுக்கச் சொன்ன இடத்தில் நிற்கும். குடிதண்ணீரில் ஒரு துளி நச்சு கலந்திருந்தாலும் அந்தச் சில்லின் மேல் ஒளியைப் பாய்ச்சிக் கண்டுபிடித்துவிடலாம்.

சொல்வது சுலபம். வாலுவின் படலத்துக்கு இருநூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். என் மனைவியின் தட்டு அறுபதைத் தாண்டினாலே பிரிந்துவிடும். அதனால் படலம் முதலில், தட்டு பிறகு என்று வைத்தார்கள். அப்படியும் தட்டுகளில் பல மேட்டின் மேல் ஏறிக் கிடந்தன, பல குறுக்கே கிடந்தன. யார்மேல் குற்றம் என்ற பேச்சு வந்தது. பிறகு பேச்சே நின்றுபோனது. வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"உங்க தங்கச்சி படலத்துல தூசி இருக்குன்னு சொல்லுங்க."

"அண்ணா, அண்ணியோட தட்டு ஒழுங்கா மடியலன்னு சொல்லு."

நான் தண்ணீர்ச் செம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தேன். நடுவில் வாய் திறக்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு படம் அமைந்தது. மின்னணு நுண்ணோக்கியில் எடுத்தது. தட்டுகளெல்லாம் பள்ளத்துக்குள் அச்சடித்தாற்போல், ஒவ்வொன்றிலும் மும்மூன்று தங்கப் பொட்டுகள். இயக்குநர் அம்மா பூரித்துப்போனார். அடுத்த வாரம் வேலையை மதிப்பிட வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வரவிருந்தது. அவர்களுக்குக் காட்ட அந்தப் படம் அரங்கின் பெரிய திரைக்குப் போனது.

குழு வந்த அன்று காலை அந்தக் கட்டடத்தின் லிஃப்டைச் சரிபார்த்தது நான்தான். விருந்தினர்கள் கீழே இறங்கும்வரை இருக்கச் சொன்னார்கள். அழுக்குச் சட்டையோடு அரங்கின் கடைசிக் கதவருகே நின்றேன். திரையில் படம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே.

குழுத் தலைவர் மெலிந்த மனிதர். கைதட்டாதவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "சில்லு முழுக்க இப்படித்தான் இருக்கா?"

இயக்குநர் அம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்தாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை.

"இல்லைங்க" என்றாள். "நாப்பது படம் எடுத்தோம். இருக்கறதுலயே நல்லது இதுதான். எல்லாத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். நூத்துக்கு முப்பத்தெட்டுதான் பள்ளத்துக்குள்ள நேரா இருக்கு. காலையில இதச் சொல்லணும்னு வந்தேன், எல்லாரும் வரவேற்புல இருந்தீங்க."

அப்போது இன்னொரு நாற்காலி நகரும் சத்தம். வாலு எழுந்து நின்றாள்.

"அண்ணி சொல்றது நிஜம்தான்" என்றாள். "நானும் தனியா எண்ணினேன். எனக்கு முப்பத்தாறுதான் வந்துச்சு. அண்ணி கொஞ்சம் தாராள மனசோட எண்ணியிருக்காங்க."

அரங்கில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. குழுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ இது இன்னும் ஆகல."

"ஆகலைங்க" என்றாள் என் மனைவி.

"ஆறு மாசத்துல திரும்ப வரேன். அப்பவும் இப்படித்தான்னா ரெண்டு குழுவும் அவங்கவங்க வேலையைப் பார்க்கலாம்" என்று சொல்லி, அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

இயக்குநர் அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. ஆனால் நெஞ்சு மட்டும் சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு விம்மியது. பொய் சொல்ல அவ்வளவு வசதியான இடத்தில் என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எழுந்து நின்று நிஜத்தைச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

விருந்தினர்கள் போன பிறகு அவர்கள் இருவரையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்று வாரங்களில் முதல் முறையாக நான் நடுவில் இல்லாமல் பேசினார்கள்.

"முப்பத்தாறு எப்படி வந்துச்சு உனக்கு?"

"உங்களுக்கு முப்பத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க."

"மேட்டுல பாதி ஏறி நிக்கிறதையும் சேர்த்தேன்."

"அதெப்படி அண்ணி சேர்ப்பீங்க? வாசப்படியில நிக்கிறவன் வீட்டுக்குள்ள வந்துட்டான்னு அர்த்தமா?"

தரைத்தளம் வந்தும் இருவரும் இறங்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாளிலிருந்து இரண்டு மாடியும் ஒரே மேசையில் வேலை பார்த்தன. உப்பைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். பள்ளத்தின் அடியைச் சுத்தம் செய்யும் நேரத்தை விநாடி விநாடியாக மாற்றினார்கள். முப்பத்தெட்டு நாற்பத்தைந்தானது, பிறகு அங்கேயே மாடுபோல் படுத்துக்கொண்டது. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் வாலு ஒரு காரியம் செய்தாள். அதுவரை சில்லைக் காயவைத்துத்தான் பார்ப்பார்கள். நுண்ணோக்கிக்கு அப்படித்தான் வேண்டும். இவள் வேறொரு கருவியைத் தேடிப் பிடித்தாள். மெல்லிய ஊசிமுனையால் தடவிப் பார்க்கும் கருவி அது. சில்லு தண்ணீருக்குள் இருக்கும்போதே பார்த்துவிடலாம். என்னிடம் தொலைபேசியில் அவள் கத்திய கத்தலில் காது அடைத்துப்போனது.

"அண்ணா! ஈரமா இருக்கறப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு! நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல! காயறப்பதான் கெட்டுப்போகுது!"

"அதை ஏன்டி என்கிட்ட சொல்றே? அண்ணிகிட்ட சொல்லு."

"அண்ணி பக்கத்துலதான் நிக்கிறாங்க. அழறாங்க."

"யாரு அழறா? கண்ணுல தூசி" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

தட்டுகள் தாமாகவே போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் காயும்போது அதன் ஓரம் பின்வாங்குமே, அதுதான் அவற்றைப் பிடித்து இழுத்து மேட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. படலத்தில் தூசியும் இல்லை, தட்டு மடிந்ததில் குறையும் இல்லை. தண்ணீருக்குப் பதில் இழுவை குறைந்த ஆல்கஹாலை ஊற்றிக் காயவைக்கலாம் என்றாள் என் மனைவி. எடுத்த எடுப்பில் சுத்த ஆல்கஹாலில் போட்டார்கள். உப்பெல்லாம் திரண்டு சில்லின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. ஒரு வாரம் வீண். பிறகு முதலில் பாதிக்குப் பாதி, அடுத்து கொஞ்சம் கூடுதல், அப்புறம் இன்னும் கூடுதல் என்று படிப்படியாக ஏற்றினார்கள். எந்தப் படியில் எத்தனை நிமிடம் என்று கண்டுபிடிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று.

ஆறாவது மாதம் குழுத் தலைவர் தனியாக வந்தார். படம் எதையும் அவருக்குக் காட்டவில்லை. என் மனைவி ஒரு தாளை நீட்டினாள். சில்லின் வரைபடம் அது, கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டது.

"எந்தக் கட்டத்தைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேண்டுமென்றே ஓரத்தில் ஒரு கட்டம், மூலையில் ஒன்று, நடுவில் மூன்று என்று ஐந்து எண்களைக் குறித்தார். வாலு நுண்ணோக்கியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். அவர் பேனாவைத் திரையில் தொட்டுத் தொட்டு வாய்விட்டு எண்ணினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் எண்ணினார். வாசப்படியில் நின்றதை அவரும் சேர்க்கவில்லை என்று வாலு பிற்பாடு சொன்னாள்.

"தொண்ணூத்தொண்ணு" என்றார் கடைசியில். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எழுந்து நின்று இருவரையும் பார்த்துக் கைதட்டினார். அந்த அறையில் அவர் ஒருவர் கைதட்டிய சத்தம்தான். அரங்கம் முழுக்கத் தட்டியதைவிட அது பெரிதாகக் கேட்டதாம். இயக்குநர் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உன்மேல எனக்கு ஒரே கோபம். நல்லவேளை நீ எழுந்து நின்னே" என்றாராம்.

கட்டுரை எழுதியபோது யார் பெயர் முதலில் என்று மறுபடி சண்டை. இந்த முறை தலைகீழான சண்டை. "அண்ணி பேர்தான் முதல்ல." "தண்ணிக்குள்ள பார்த்தது நீ, உன் பேருதான்." ஒரு வாரம் தாங்கினேன். கடைசியில் இருவருக்கும் சம பங்கு என்று அடிக்குறிப்பு போட்டார்கள்; பெயர் வரிசையைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். வாலு ஜெயித்துவிட்டு, தோற்றவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த மூலைக் கட்டத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கி, எங்கள் பட்டறைச் சுவரில் மாட்டினேன். கூட வேலை செய்பவர் டீக் குவளையோடு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னப்பா இது, தரைக்குப் போடற டைல்ஸா? நல்லா இருக்கே, எந்தக் கடை?"

"கடையில கிடைக்காது" என்றேன். "இருங்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும், முழுசாச் சொல்றேன்."