ஒன்றேகால் மணி நேரம் எடுத்த ‘சடன்லி’

1

இந்தக் கதை எனக்கு ஒரு டைப் மிஷினிலிருந்து கிடைத்தது. பாதி அடித்து நிறுத்திய ஒரு வாக்கியம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. வருஷம் 1972. இடம், விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு பீங்கான் தொழிற்கூடம். பெயர் கேட்காதீர்கள், அதைக் கட்டியது நான்தான், இந்தப் பக்கத்தில். அங்கே நான் கிளார்க்.

முதல் தொடக்கம்: ‘புகைபோக்கிகளுக்கு மேலே வானம் செம்மண் நிறத்தில்...’ வேண்டாம். இந்தக் கதையில் வானத்துக்கு வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘மேனேஜர் சிவராமகிருஷ்ணனுக்கு இங்கிலீஷில் வேகமான வார்த்தைகள் மீது பிரியம்.’ இது ஓடும். ஏறிக்கொள்ளுங்கள்.

2

சடன்லி. அட் ஒன்ஸ். இன் எ ஃப்ளாஷ். இன் எ ஜிஃபி. காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். கேட்கும்போதே நமக்கு மூச்சு வாங்கும். (அவர் ‘ஜிஃபி’ என்றால் அடுத்த வியாழக்கிழமை என்று அர்த்தம். என் லீவு லெட்டர் ஒன்று மூன்று ஜிஃபியாக அவர் மேஜையில் கிடந்தது.)

ஒருநாள் சூளையடியில் நின்று சொன்னார்:

“கண்ணிமைக்கிற நேரத்துல நடக்கறதைச் சொல்ல தமிழ்ல வார்த்தையே இல்லய்யா. அதான் நாம இப்படி மந்தமா இருக்கோம்.”

ஜாடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உபகாரமேரி நிமிர்ந்தாள். பதினோரு வருஷமாகச் சூளை வேலை பார்ப்பவள். விரல் கணுவால் தட்டினால் நல்ல ஜாடி ‘ணங்’ என்னும், விரிசல் விட்டது ‘தொப்’ என்னும். அந்தக் காது அவளுடையது.

“இல்லன்னு யாரு சார் சொன்னாங்க? ஜாடி பட்டுனு விரிசல் வுடும். அடுப்பு குப்புனு பத்தும். என் மாமியா பொசுக்குனு கோச்சுக்கும். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு நம்மளப் பாத்ததும் விருட்டுனு போயிடும். நீங்க வரதுக்குத்தான் சார் வார்த்தை தேடணும்.”

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். சிரிப்பதற்கு வசதியான நிலை அதுதான்.

3

[இங்கே அவளுக்கு ஒரு கண்ணீர்க் கதை சேர்க்க நினைத்தேன். அவள் விடமாட்டாள் என்று தோன்றியது. கோடு போட்டு நீக்கிவிட்டேன்.]

ஒரு விவரம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், கதை இதில்தான் நிற்கிறது. சூளைக்குக் கதவு கிடையாது. ஜாடிகளை அடுக்கிவிட்டு, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, நெருப்பு வைப்பார்கள். நெருப்பை அணைத்தபின் மூன்று நாள் ஆறவேண்டும். பிறகு கல் கல்லாகப் பெயர்த்து எடுப்பார்கள். அவசரப்பட்டால் வெளிக்காற்று பட்டு ஜாடி வெடிக்கும்.

இரண்டாம் நாளே ஸ்டுடியோ பழமலை கேமராவோடு வந்துவிட்டார். மெட்ராஸ் ஆபீசுக்கு மேனேஜர் சூளை திறக்கும் போட்டோ வேண்டுமாம்.

“இன்னும் கொதிக்குது சார். வேணாம்,” என்றாள் உபகாரமேரி.

“எடும்மா. அட் ஒன்ஸ்.”

எடுத்தார்கள். அவளும் கூட வேலை பார்க்கும் கொளஞ்சியும், கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கல் கல்லாக. ஒன்றேகால் மணி நேரம். மேனேஜர் நாற்காலி போட்டு, இரண்டு டீ குடித்து, மூன்று முறை தலை சீவினார். கடைசியில் எழுந்து ஒரு கல்லைக் கையில் வாங்கிச் சிரித்தார். பழமலையின் பல்பு பளிச்சென்றது.

உள்ளே முதல் ஜாடி வெடித்தது, டிங்.

பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, மழை பிடித்த மாதிரி. முந்நூறு ஜாடி. உபகாரமேரி தட்டிப் பார்க்கவே இல்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

மூன்றாம் நாள் மெட்ராசுக்கு ரிப்போர்ட். ஜீப் வாசலில். மேனேஜர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அதன் சாரம்: ‘உபகாரமேரி என்ற தொழிலாளி, யாருடைய அனுமதியும் இல்லாமல், சூளை வாசலை சடன்லி...’

விரல் நின்றது.

“என்னய்யா, ஸ்பெல்லிங் தெரியலியா?” என்று கேட்டுவிட்டு, கோட்டு மாட்ட உள்ளே போனார்.

அப்போது பார்த்தால் பழமலை போட்டோவை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாதி பெயர்த்த வாசல். கையில் கல்லோடு மேனேஜர், மாப்பிள்ளைச் சிரிப்பு. பின்னால் உபகாரமேரி, ‘வேணாம்’ என்று கையைத் தூக்கியபடி.

அவளே வந்தாள்.

“அண்ணே, வேலை போனா வூட்ல சொல்லிக்குவேன். ஆறாத சூளையை அவசரப்பட்டுத் தொறந்தவன்னு பேரு வந்துச்சுன்னா, இந்த ஊர்ல எந்தச் சூளையிலண்ணே என்னைச் சேப்பாங்க? எம்மா நேரம் கல்லு எடுத்தோம்னு மட்டும் எழுதுங்க. நீங்களுந்தான் பாத்தீங்க.”

பார்த்தேன். இரண்டாவது டீயை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

5

முடிவு அ: கிளார்க் வீறுகொண்டு எழுந்து, ரிப்போர்ட்டோடு போட்டோவைப் பின் குத்தி... இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கிளார்க்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

முடிவு ஆ: கிளார்க் ‘சடன்லி’யை அடித்து முடிக்கிறான். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்... இது கச்சிதமாக இருக்கிறது. படித்து முடித்துப் பெருமூச்சு விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போய்விடுவீர்கள். அதனால் தரமாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். அந்த வார்த்தையை அடிக்க ஒரு நொடி போதும் என்பதும் தெரியும்.

இதோ, வாக்கியத்தை மாட்டி, மிஷினை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்:

‘உபகாரமேரி என்ற தொழிலாளி சூளை வாசலை ____________’

போட்டோ இடது பக்கம். அவள் வலது பக்கம் நிற்கிறாள். உள்ளே மேனேஜர் கோட்டுப் பொத்தான் போடுகிறார். வெளியே ஜீப் ஹாரன் அடிக்கிறது. அடியுங்கள்.

யோசிக்க நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவளிடம் நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.