யானைத் தும்பிக்கையில் பெரியப்பா

காணும் பொங்கலுக்கு அணைக்கட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று கணவர் சௌந்தரபாண்டியன் சொன்னபோது சண்முகவடிவு நம்பவில்லை. அருப்புக்கோட்டை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனுஷர். வருஷத்தில் கடை அடைப்பதே நாலைந்து நாள். அந்த நாட்களிலும் மூட்டையை மாற்றி அடுக்குகிறேன், எலிப்பொறி வைக்கிறேன் என்று சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்றாவது படிக்கும் மகன் அசோக், வகுப்பில் நான் மட்டும்தான் அந்தப் பூங்காவைப் பார்க்கவில்லை என்று ஒரு மாதமாக மூக்கைச் சிந்தியதில் எப்படியோ மனம் இளகியிருந்தார். அது எண்பத்தாறாம் வருஷம்.

விடியும் முன்பே எழுந்து புளிச்சோறு கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்து, முட்டை அவித்துத் தூக்குச்சட்டிகளில் அடைத்தாள். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் கரிசலில் கொத்தமல்லிச்செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அசோக்கும் அவன் தங்கை பிரவீணாவும் நடக்கவேயில்லை, ஓடினார்கள்.

வாகை மரத்தடியில் ஜமுக்காளத்தை உதறி விரித்ததும் பிரவீணா கத்தினாள். “ஐ, தீபா!”

பத்தடி தள்ளி, அடுத்த மரத்தடியில், இன்பராஜும் அவன் மனைவி சரஸ்வதியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர்களுடைய ஒரே மகள், ஐந்து வயது தீபலட்சுமி. மரத்தில் அவர்கள் வந்த ஸ்கூட்டர் சாய்ந்து நின்றது.

இன்பராஜ் சௌந்தரபாண்டியனின் உடன்பிறந்த தம்பி. அதே பஜாரில் அவனுக்கும் ஒரு கடை இருந்தது. இருவருக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சு கிடையாது. சொக்கலிங்கபுரத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அண்ணனுக்குத் தானே வந்து பத்திரிகை வைக்காமல் ஆளிடம் கொடுத்துவிட்டான் தம்பி. “ஊருக்கெல்லாம் புருஷனும் பொண்டாட்டியுமா தட்டேந்திப் போவாக, எனக்கு ஆள் வந்து குடுப்பானோ?” என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான். அதன்பிறகு பஜாரில் எதிரெதிரே வந்தாலும் யாராவது ஒருவர் கடைப்பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். சண்முகவடிவும் சரஸ்வதியும் கோயிலில் பார்த்துக்கொண்டால் கண்ணால் மட்டும் விசாரித்துக்கொள்வார்கள்.

“வேற மரத்தடி பாப்போமா?” என்றார் சௌந்தரபாண்டியன், எங்கோ பார்த்தபடி.

“எங்க பாக்க? எல்லாத்துலயும் ஆளு உக்காந்துருக்கு. பிள்ளைகளப் பாருங்க, போயிருச்சுக.”

மூன்று பிள்ளைகளும் கைகோத்துக்கொண்டு யானையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூங்காவுக்கே பெருமை அந்தச் சிமெண்டு யானைதான். வால்பக்கம் படியேறி, முதுகில் நின்று, தும்பிக்கை வழியாகச் சறுக்கி மணலில் விழலாம். சௌந்தரபாண்டியன் தன் பிள்ளைகளைப் பிடிக்கிற சாக்கில் தும்பிக்கையின் முன்னால் போய் நின்றுகொண்டார். இன்பராஜ் ஐஸ் வாங்கப் போனான். சண்முகவடிவுக்கு அப்பாடா என்று இருந்தது.

அசோக் சறுக்கினான். பிரவீணா சறுக்கினாள். அடுத்து தீபலட்சுமி மேலே வந்தாள், கீழே பார்த்தாள், அப்படியே யானையின் காதைக் கட்டிக்கொண்டாள். பின்னால் படியில் ஏழெட்டுப் பிள்ளைகள் முண்டியடித்து நின்றதால் திரும்பவும் வழியில்லை.

“கண்ணு, சறுக்கிருடா, ஒண்ணும் ஆகாது” என்று சரஸ்வதி கீழேயிருந்து கெஞ்சினாள்.

“நான் மாட்டேன்” என்று அழுத பிள்ளையின் கண்ணில் சௌந்தரபாண்டியன் பட்டார். “பெரியப்பா, வாங்க! பெரியப்பா, தூக்குங்க!”

சண்முகவடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். படியில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு யானைமேல் ஏறிவிட்டார். தீபலட்சுமியை மடியில் வைத்துக்கொண்டு “கண்ண மூடிக்க” என்று சொல்லிவிட்டுச் சறுக்கினார்.

பாதி தூரம் வேகமாகத்தான் வந்தார். தும்பிக்கை பாதிக்குமேல் ஒடுங்கும் என்பதை அவர் கவனிக்கவில்லை. இடுப்பு இரண்டு பக்கமும் இறுகி, வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

“இன்னும் போங்க பெரியப்பா!” அழுகை போய்ப் பிள்ளைக்குக் குஷி வந்துவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. “அண்ணாச்சிய யானை முழுங்கிருச்சுடோய்!” என்று எவனோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கடையில் ஒரு சொல் கூடக் குறையத் தாங்காதவர். இனி இந்த ஜென்மத்தில் எங்கேயும் கூட்டிப்போகமாட்டார் என்று சண்முகவடிவு நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இன்பராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் சேமியா ஐஸ். மூன்று குச்சிகள். அவனுக்கு இருப்பதோ ஒரு பிள்ளை. சண்முகவடிவு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஐஸை மணலில் போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

“அண்ணாச்சி, கையக் குடுங்க.”

சௌந்தரபாண்டியன் மடியில் இருந்த பிள்ளையை முன்னால் நீட்டினார். “மொதல்ல பிள்ளைய வாங்குலே” என்றார்.

பிள்ளையை வாங்கி இறக்கிவிட்டு இன்பராஜ் அண்ணன் கைகளைப் பிடித்து இழுத்தான். டர்ரென்று வேட்டி கிழிய, இரண்டு பேரும் சேர்ந்து மணலில் விழுந்தார்கள். முதலில் சிரித்தது சௌந்தரபாண்டியன்தான். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்துச் சண்முகவடிவு கேட்டதில்லை.

கிழிசல் உள்ளே போகும்படி வேட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு அவர் வருவதற்குள், சரஸ்வதி தன் விரிப்பை இழுத்துவந்து இந்த ஜமுக்காளத்தோடு சேர்த்துப் போட்டிருந்தாள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் சௌந்தரபாண்டியன் இலையைப் பார்த்துச் சொன்னார். “பத்திரிகைய நீ வந்து வச்சிருக்கணும்.”

சரஸ்வதி ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தாள். இன்பராஜ் கண்ணைக் காட்டி அடக்கினான். “வச்சிருக்கணும் அண்ணாச்சி. தப்புதான்.” பிறகு இந்தப் பக்கம் திரும்பி, “துவையல் இன்னுங் கொஞ்சம் வைங்க மதினி” என்றான்.

அவ்வளவுதான் பேச்சு.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. கடைகள் தனித்தனியாகத்தான் நடந்தன. சின்னச் சின்ன மனத்தாங்கல்கள் வந்து வந்து போயின. ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் வேன் பிடித்து இரண்டு குடும்பமுமாகக் கொடைக்கானல், கன்னியாகுமரி என்று சுற்றினார்கள். பிள்ளைகள் அதையெல்லாம் போட்டோவில் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள்.

சண்முகவடிவுக்கு நினைவில் தங்கியது அந்த மத்தியானம். ஆண்கள் இருவரும் மரத்தடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மணலில் கிடந்தார்கள். சரஸ்வதி வந்து, “வாங்கக்கா” என்று கையைப் பிடித்து, பூங்காவை ஒட்டி ஓடிய வாய்க்கால் படிக்கு இழுத்துப்போனாள். நாலு நாளைக்கு ஒருதரம் குழாயில் சொட்டும் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டே பழகியவர்கள் இருவரும். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் காலை விட்டார்கள். சில்லென்று ஏறியது. கொலுசுக்குள் புகுந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்கக்கா போகும் இம்புட்டுத் தண்ணியும்?” என்றாள் சரஸ்வதி.

“யாருக்குத் தெரியும்” என்றாள் சண்முகவடிவு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.